கோர்ட் பூட்டிக் கிடக்கு: விவாகரத்தை வெளியிலேயே பேசி முடிச்சா செல்லுமா?

பல்லாவரம்_அக்கா | 12 ஜூன் 2021

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி விஷயமா கேக்குறேன்.

2018 கடைசியிலிருந்து அவ அம்மா வீட்லதான் இருக்கா. மாப்பிள்ளை ஷார்ஜாவுல. சண்டை எல்லாம் ஓஞ்சு, சரி பிரிஞ்சிடலாம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு 2020 பிப்ரவரியில செங்கல்பட்டு குடும்ப நல நீதிமன்றத்துல 13பி மனு (இந்து திருமணச் சட்டத்துல ரெண்டு பேர் சம்மதத்தோட கேக்குற விவாகரத்து) போட்டாங்க. அதுக்குன்னே லீவு எடுத்து வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனார். ஆறு மாசம் கழிச்சு ரெண்டாவது தடவை ஆஜராகணும்னாங்க. மார்ச்ல ஊரே மூடிடுச்சு. அப்புறம் வாய்தா மேல வாய்தா. நடுவுல கொஞ்சம் திறந்தப்போ அவருக்கு ஃப்ளைட் கிடைக்கல. இப்ப ரெண்டாவது அலை.

எங்க பெரியப்பா என்ன சொல்றார்னா, நூறு ரூபாய் பத்திரத்துல எழுதி, ரெண்டு பக்கமும் சாட்சிக் கையெழுத்து வாங்கி, நோட்டரி சீல் வெச்சா முடிஞ்சது, அந்தக் காலத்துல யார் கோர்ட்டுக்குப் போனாங்கன்னு. அவளுக்கு ஒரு வரன் வேற வந்திருக்கு. ஆவணியிலயே வெச்சுக்கலாம்னு அவங்க அவசரப்படுத்துறாங்க. பையனுக்கு ஆறு வயசு. நகை பாதிதான் திரும்பி வந்திருக்கு.

மனு போட்டு 18 மாசம் தாண்டிட்டா அதுவே செத்துப்போயிடும்னு ஒருத்தர் பயமுறுத்துறார். ஆகஸ்ட் வந்தா 18 மாசம். என்ன பண்றது?

---

பழைய_மணியம் | 12 ஜூன் 2021

அம்மா, உங்கள் பெரியப்பா சொல்வதில் தப்பில்லை. தேனிப் பக்கம் எங்கள் சனத்தில் இன்றைக்கும் தீர்த்துவிடுவது உண்டு. ரெண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, கொடுத்தது வாங்கியதைக் கணக்குப் பார்த்து, எழுதி வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ஒரு சாயங்காலத்தில் முடிகிற காரியத்துக்கு ஏழு வருஷம் படியேறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்து திருமணச் சட்டமே 29(2) பிரிவில் வழக்கப்படியான மணமுறிவை ஒப்புக்கொள்கிறது. கொரோனா காலத்தில் கோர்ட்டே வேலை செய்யவில்லை என்னும்போது நாம் ஏன் காத்துக் கிடக்க வேண்டும்?

---

கறுப்புக்கோட்டு | 12 ஜூன் 2021

மணியம் ஐயா, 29(2) இருக்கிறது உண்மை. ஆனா அந்த வழக்கம் ரொம்ப காலமா, விடாம, அந்தச் சமூகத்துல இருக்குன்னு கோர்ட்ல சொல்லி, சாட்சி வெச்சு நிரூபிக்கணும். யமனாஜி ஜாதவ் வழக்குல 2002ல உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான்: வழக்கத்தை எடுத்துச் சொல்லி நிரூபிக்காம வெறும் பத்திரத்தைக் காட்டினா அது விவாகரத்து ஆகாது. அக்கா வீட்ல அப்படி ஒரு வழக்கம் இருக்கான்னு முதல்ல கேளுங்க. பெரியப்பா சொல்றதால மட்டும் வழக்கம் ஆயிடாது.

அக்கா, உங்களுக்கு நேராச் சொல்றேன். அந்தப் பத்திரத்தை நம்பி ஆவணியில கல்யாணம் வெச்சா அந்தக் கல்யாணம் செல்லாது, இந்து திருமணச் சட்டம் பிரிவு 11. அதோட விடாது. முதல் கல்யாணம் முறியாம இன்னொண்ணு பண்ணா இந்திய தண்டனைச் சட்டம் 494ன்படி ஏழு வருஷம் வரை தண்டனைக்கு இடமிருக்கு. இன்னைக்கு நல்லா பேசுற மாப்பிள்ளை நாளைக்கு நகைப் பேச்சு முத்தினா அந்த 494ஐ எடுத்துக் காட்டுவார். பிறக்கிற குழந்தைக்குப் பிரிவு 16 பாதுகாப்பு கொடுக்கும், தங்கச்சிக்கு மனைவிங்கிற அந்தஸ்தைக் கொடுக்காது. விசா, குடும்ப ஓய்வூதியம், வாரிசுச் சான்றுன்னு எங்க போனாலும் "டிகிரி (கோர்ட் தீர்ப்பாணை) காப்பி இருக்கா?"ன்னுதான் கேப்பாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. உங்களுக்கு வேண்டியது பாதி கைக்கு வந்தாச்சு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க, மனு நம்பர் ஆகியிருக்கு. வெளியில பேச வேண்டியது நகை, பையன், பணம் மூணுதான். அதை எங்க வேணா, எப்படி வேணா பேசுங்க. பேசினதை எழுதி அந்த எச்.எம்.ஓ.பி. (நீங்க போட்ட இந்து திருமண மனு) உள்ளேயே தாக்கல் பண்ணுங்க. கோர்ட்ல நேரம் தின்கிறது சண்டைதான். சண்டையில்லாத மனுவுக்கு நீதிபதிகிட்ட அரை மணி போதும்.

18 மாசம்: 2020 மார்ச் 15லிருந்து கால வரம்புகளை உச்ச நீதிமன்றம் தானாவே எடுத்த வழக்குல நீட்டிச்சது. இடையில நிறுத்திட்டு, இந்த ஏப்ரல் 27ல திரும்பக் கொண்டு வந்தாங்க. அதைக் காட்டி வாதாடலாம். ஆனா அதை நம்பி சும்மா உக்காராம, "நாங்க ரெண்டு பேரும் இன்னும் சம்மதத்தோடதான் இருக்கோம், நாள் கொடுங்க"ன்னு ஒரு மெமோ இப்பவே போட்டு வெச்சிடுங்க.

---

பல்லாவரம்_அக்கா | 13 ஜூன் 2021

ரொம்ப நன்றி சார். 494 படிச்சதும் அம்மாவுக்குக் கை நடுங்கிடுச்சு. அவர் நேர்ல வராம முடியுமா? அதுதான் பெரிய தடை. அவர் கம்பெனியில இப்ப லீவு கேட்டா வேலையே போயிடும்னு சொல்றார்.

---

கறுப்புக்கோட்டு | 13 ஜூன் 2021

முடியும், ஆனா கொஞ்சம் கதை இருக்கு.

2017 செப்டம்பர்ல அமர்தீப் சிங் எதிர் ஹர்வீன் கவுர் தீர்ப்பு. ஆறு மாசக் காத்திருப்பு கட்டாயமில்லை, நீதிபதி பார்த்து அதுக்கு விலக்கு கொடுக்கலாம்னாங்க. அதே தீர்ப்புல, வர முடியாதவங்களுக்கு வீடியோ கான்ஃபரன்ஸ் வெச்சுக்கலாம், அப்பா அம்மா, கூடப்பிறந்தவங்க மூலமா ஆஜராகவும் விடலாம்னு ஒரு வரி. மறு மாசமே சாந்தினி எதிர் விஜய வெங்கடேஷ் வழக்குல மூணு நீதிபதிகள்ல ரெண்டு பேர், குடும்ப வழக்குல சமரச முயற்சி நடக்கும்போது வீடியோ கூடாது, அது தோத்த பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டா பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க. நேருக்கு நேர் உக்காந்தாதான் மனசு இளகும்ங்கிற நம்பிக்கை. மூணாவது நீதிபதி சந்திரசூட் மட்டும் ஒத்துக்கல.

அப்புறம் 2020 ஏப்ரல் 6. எல்லா கோர்ட்டும் வீடியோவுல நடத்தலாம்னு உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டுச்சு. கூடாதுன்னு சொன்ன கதவை வைரஸ் வந்து திறந்து விட்டது.

உங்க கேஸ்ல ரெண்டு பேரும் சேர்ந்து கேக்குறீங்க, அதனால தடை குறைவு. அவர் அங்க துபாய்ல இருக்கிற இந்தியத் துணைத் தூதரகத்துல பிரமாணப் பத்திரத்துக்கு அட்டெஸ்டேஷன் வாங்கி அனுப்பட்டும். அண்ணன் தம்பி யாராவது பவர் வாங்கிட்டு இங்க நேர்ல வரட்டும், அவர் வீடியோவுல முகம் காட்டட்டும். எங்க கோர்ட்ல இப்படி நடந்திருக்கு. நீதிபதிக்கு நீதிபதி மாறும், அதையும் சொல்லிடறேன்.

---

கதவு_எண்_7 | 13 ஜூன் 2021

"பேசி முடிச்சுக்கலாம்"ங்கிற வார்த்தையை எல்லாருக்கும் பொதுவாச் சொல்லாதீங்க. போன வருஷம் ஏப்ரல்ல நான் அடிவாங்கிட்டு மகளிர் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணேன். "லாக்டவுன்மா, ரெண்டு பேரும் பேசிக்கோங்க, எல்லாம் திறக்கட்டும்"னாங்க. எங்க போய்ப் பேச? அதே ஒற்றை படுக்கையறை வீட்ல, பூட்டின கதவுக்குள்ள, அதே ஆளோட. சொந்தக்காரங்க வாட்ஸாப் கால்ல பஞ்சாயத்து வெச்சாங்க. அவன் பக்கத்துல உக்காந்திருக்கும்போது நான் என்னத்தைச் சொல்ல?

வன்முறை இருக்குற வீட்டுக்கு இது வழி இல்ல. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல மாஜிஸ்திரேட் எதிர்தரப்பைக் கேக்காமலே இடைக்கால உத்தரவு போடலாம், பிரிவு 23. வீட்டை விட்டுத் துரத்தக் கூடாதுன்னு உத்தரவு வாங்கலாம். சமூக நலத் துறையில மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க. 181க்குக் கூப்பிட்டா அவங்ககிட்ட சேர்த்து விடுவாங்க. எனக்கு அப்படித்தான் வெளியே வர முடிஞ்சது. யாரும் உக்காந்து பேசி இல்ல.

---

சமரச_மேசை | 14 ஜூன் 2021

கதவு எண் 7 சொன்னதை நான் முழுசா ஏத்துக்குறேன். நான் கோர்ட் சமரச மையத்தில் சமரசராக இருக்கிறேன். தொழில் வக்கீல்தான், அதற்கு மேல் 40 மணி நேரப் பயிற்சி எடுத்து வந்தவள். ஒருத்தர் இன்னொருத்தருக்குப் பயந்து பேசுகிறார் என்று தெரிந்தால் நாங்களே நிறுத்திவிட்டுக் கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அடியை மேசையில் வைத்து பேரம் பேச முடியாது.

மற்றவர்களுக்காக, இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பஞ்சாயத்தையும் இதையும் பலர் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். பஞ்சாயத்தில் நடுவில் இருப்பவர் தீர்ப்புச் சொல்வார். நாங்கள் சொல்ல மாட்டோம். முதலில் ரெண்டு பேரையும் சேர்த்து உட்காரவைப்போம், பிறகு தனித்தனியாகப் பேசுவோம். தனியாகச் சொன்னதை அவர் அனுமதியில்லாமல் மறு அறையில் வாய் திறக்க மாட்டோம். பேச்சு முறிந்தால் கோர்ட்டுக்குப் போவது "உடன்பாடு ஏற்படவில்லை" என்ற ஒரு வரி மட்டும், யார் முரண்டு பிடித்தார் என்பதெல்லாம் போகாது. அதனால்தான் ஆட்கள் மனம் விட்டுப் பேசுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005ல் தொடங்கிய மையம்தான் நாட்டிலேயே கோர்ட்டோடு இணைந்த முதல் சமரச மையம். நமக்கு இது புதுசு இல்லை.

ஆன்லைனில் வந்தபின் தொல்லை வேறு மாதிரி. திரையில் ஒரு முகம்தான் தெரியும், அறையில் எத்தனை பேர் என்று தெரியாது. ஒரு பெண் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் கண்ணை இடப்பக்கம் ஓட்டிக்கொண்டே இருந்தார். போனைச் சுற்றிக் காட்டச் சொன்னால், கட்டில் முழுக்கச் சித்தி, அத்தை, மாமா. மறுபக்கம் கணவர் பையனை மடியில் வைத்துக்கொண்டு ஜீவனாம்சம் பேசுகிறார். இப்போதெல்லாம் ஆரம்பிக்கும்போதே நிபந்தனை போடுகிறேன்: கதவைச் சாத்து, ஹெட்போன் மாட்டு, குழந்தை அறையில் இருக்கக் கூடாது, ரெக்கார்ட் பண்ணக் கூடாது. வீட்டில் தனி அறையே இல்லை என்றால் தெருமுனையில் நின்ற காருக்குள் உட்கார்ந்து பேசியவர்களும் உண்டு.

ஆனால் ஒன்று நல்லது. நேரில் வந்தால் காரிடாரிலேயே ரெண்டு குடும்பமும் முட்டிக்கொள்ளும், உள்ளே வரும்போதே கொதித்துப் போய் வருவார்கள். ஆன்லைனில் அந்தக் காரிடார் இல்லை.

பல்லாவரம் அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டால் நீதிபதியே மையத்துக்கு அனுப்புவார். இன்னும் வழக்கே போடாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுக்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்றே பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.

---

ஞாயிறு_அப்பா | 14 ஜூன் 2021

குழந்தை விஷயத்துல எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். கோர்ட் வளாகத்துல குழந்தைகள் அறையில வாராவாரம் என் பொண்ணைப் பார்ப்பேன். லாக்டவுன்ல அதை மூடினாங்க. உத்தரவு கையில இருக்கு, பார்க்க இடமில்ல. புதுசா மனு போட்டா எப்ப எடுப்பாங்கன்னே தெரியல. கடைசியில ரெண்டு வக்கீலும் மெயில்லயே பேசி, வாரத்துல மூணு நாள் வீடியோ கால், கடைகள் திறந்தப்புறம் அவ தாத்தா வீட்டு மொட்டை மாடியில ரெண்டு மணி நேரம்னு எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு மெமோவாத் தாக்கல் பண்ணோம்.

வீடியோ கால் உரிமைன்னு ஒண்ணு இருக்குன்னே பலருக்குத் தெரியாது. 2020 ஜனவரியில, கொரோனா இங்க வர்றதுக்கு முன்னாடியே, யஷிதா சாஹு வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, நேர்ல பார்க்க முடியாத பெற்றோருக்குத் தினம் அஞ்சு பத்து நிமிஷமாவது பிள்ளையோட வீடியோவுல பேச வழி வேணும்னு.

எழுதும்போது நேரம், யார் போன், யார் கூப்பிடணும், நெட் இல்லைன்னா மாத்து நாள் எது, எல்லாம் எழுதுங்க. "வசதிப்பட்ட நேரத்தில்"னு மட்டும் எழுதிடாதீங்க. எங்க வீட்ல முதல் மாசம் பூரா யாருக்கும் வசதியே படல.

---

கறுப்புக்கோட்டு | 14 ஜூன் 2021

அப்பா சொன்னது முக்கியம். கூட ஒண்ணு: குழந்தை பற்றி நீங்க என்ன எழுதினாலும் அது கடைசி வார்த்தை இல்ல. பிள்ளையோட நலன் மாறினா கோர்ட் எப்ப வேணா மாத்தும். அதே மாதிரி "எனக்கு எந்த ஜீவனாம்சமும் வேண்டாம், பிள்ளைக்கும் கேட்க மாட்டேன்"னு எழுதி வாங்குறாங்க பாருங்க, பிள்ளை பங்கை அம்மா கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. பிள்ளை பேர்ல பின்னாடி கேக்கலாம்.

ஜீவனாம்சம் கேட்டு இன்னும் மனு போடாதவங்க, "பேசிட்டு இருக்கோம், அப்புறம் போடலாம்"னு தள்ளாதீங்க. போன நவம்பர் 4ல ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு வந்திருக்கு. மனு போட்ட தேதியிலிருந்துதான் பணம் கணக்காகும். மனுவைப் போட்டுட்டுப் பேசுங்க. கோர்ட் எத்தனை மாசம் மூடிக் கிடந்தாலும் அந்த மாசங்கள் உங்க கணக்குல சேரும். போடாம பேசினா இழுக்க இழுக்க எதிர்தரப்புக்குத்தான் லாபம். அதே தீர்ப்புல ரெண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமாக் கொடுக்கணும்னு படிவமே கொடுத்திருக்காங்க. வெளியில பேசும்போதும் அந்தப் படிவத்தை நிரப்பி மாத்திக்கோங்க. "எனக்குச் சம்பளமே இல்ல"ங்கிற நாடகம் அங்கேயே முடிஞ்சிடும்.

---

காயல்_நண்பன் | 15 ஜூன் 2021

எங்க பக்கம் ஜமாத்ல பேசுறது வழக்கம்தான். நல்லபடியா சேர்த்து வெச்ச குடும்பங்களும் இருக்கு. ஆனா காஜி கொடுக்குற தலாக் சான்றிதழ் ஒரு அபிப்பிராயம் மட்டும்தான், கோர்ட்ல அதை ஆதாரமா எடுத்துக்க முடியாதுன்னு 2017ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. அந்தப் பேப்பரை வெச்சுக்கிட்டு முடிஞ்சதுன்னு நிம்மதியா இருக்காதீங்க. பெரியவங்க கையெழுத்து எல்லா சமூகத்திலயும் ஒரே எடைதான் போல.

---

பழைய_மணியம் | 15 ஜூன் 2021

எல்லாரும் சேர்ந்து பெரியவர்களை வில்லன் ஆக்கிவிட்டீர்கள். காசு வாங்கிக்கொண்டு மிரட்டுகிறவனின் கட்டப்பஞ்சாயத்து வேறு, ரெண்டு வீட்டுக்கும் வேண்டியவர் உட்கார்ந்து பேசுவது வேறு. சமரச மேசை அம்மா செய்வதைத்தான் எங்கள் அய்யா திண்ணையில் செய்தார், சம்பளமில்லாமல்.

---

கறுப்புக்கோட்டு | 15 ஜூன் 2021

ஐயா, கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம்னு 2011ல ஆறுமுகம் சேர்வை வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது நீங்க சொல்ற முதல் ரகத்தை. திண்ணையில பேசக் கூடாதுன்னு யாரும் சொல்லல. நகை லிஸ்டைச் சரிபார்க்க என்னை விட அந்தப் பெரியவங்கதான் லாயக்கு, எந்த வளையல் யார் போட்டதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். பேசி முடிச்ச பேப்பர் எங்க போய்ச் சேருது, அவ்வளவுதான் என் கேள்வி.

இன்னொண்ணு. மக்கள் நீதிமன்றத்துல (லோக் அதாலத்) முடிச்சா அந்த அவார்டு சிவில் கோர்ட் டிகிரி மாதிரி, மேல்முறையீடு கிடையாது. போன ஜூலை 11ல சத்தீஸ்கர்ல முழுசா ஆன்லைன்லயே லோக் அதாலத் நடத்தினாங்க. ஜீவனாம்சம், நகை, பணம் எல்லாம் அங்க முடிக்கலாம். ஆனா விவாகரத்தை மட்டும் அங்க கொடுக்க முடியாது, சட்டப் பணிகள் ஆணைக்குழு விதியிலயே அதுக்கு இடமில்ல. "லோக் அதாலத்ல ஒரே நாள்ல டைவர்ஸ்"னு யாராவது காசு கேட்டா ஓடிடுங்க. 498ஏ கேஸ் (புருஷன் வீட்டுக் கொடுமைப் புகார்) இருந்தாலும் அப்படித்தான். நீங்களா சமாதானமாகி வாபஸ் வாங்க முடியாது, உயர் நீதிமன்றம் போய்க் கூட்டு மெமோ போட்டு ரத்து பண்ணணும்.

---

கணக்குப்பிள்ளை | 16 ஜூன் 2021

குடும்பச் சொத்து, பாகப்பிரிவினை வழக்கில் கோர்ட் ஃபீஸ் நிறையக் கட்டியவர்களுக்கு ஒரு தகவல். கோர்ட் அனுப்பாமல் நீங்களாகவே வெளியில் பேசி முடித்தாலும் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். இந்தப் பிப்ரவரியில் எம்.சி. சுப்ரமணியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நம் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 69ஏ பிரிவு. 13பிக்கு ஃபீஸ் சொற்பம்தான், அங்கே இதைத் தேட வேண்டாம்.

---

மட்டுறுத்துநர் | 16 ஜூன் 2021

ஒரு பதிவில் மகளிர் காவல் நிலையத்தின் பெயரும், இன்னொன்றில் ஒரு வக்கீலின் போன் நம்பரும் இருந்தன, எடுத்துவிட்டோம். வழக்கு எண் போடாதீர்கள், ஈ-கோர்ட்ஸ் செயலியில் தட்டினால் பெயர் வந்துவிடும்.

---

பல்லாவரம்_அக்கா | 19 செப்டம்பர் 2021

இந்த இழையை யாராவது தேடி வந்தா உதவுமேன்னு எழுதுறேன்.

ரெண்டு பேரும் கேட்டதால கோர்ட்ல இருந்து சமரச மையத்துக்கு அனுப்பினாங்க. ஜூம்லதான். நகைதான் ரொம்ப இழுத்தது. அவங்க பக்கம் ஒரு ஆரத்தை வித்துட்டாங்கன்னு அப்பத்தான் வெளிய வந்தது. தங்கச்சி எழுந்து போயிட்டா. சமரசர் மேடம் அன்னைக்கு வற்புறுத்தல, அடுத்த வாரம் தனியாக் கூப்பிட்டு, ஆரம் வேணுமா, ஆரத்தோட காசு வேணுமான்னு கேட்டாங்க. காசுன்னா எந்தத் தேதி விலைன்னு அதுக்கு ஒரு சண்டை. கடைசியில கொடுக்குற நாள் விலைன்னு முடிவாச்சு. பாதி டி.டி. ஒப்பந்தம் கையெழுத்தானப்போ, மீதி நீதிபதி முன்னாடி. எங்க பெரியப்பாதான் பழைய சீர் நோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார், அதுல எல்லாமே இருந்துச்சு.

பையன் தங்கச்சிகிட்ட. படிப்புச் செலவு அவர். வெள்ளிக்கிழமை ராத்திரி வீடியோ கால், நேரம் முதற்கொண்டு எழுதியாச்சு, ஞாயிறு அப்பா சாருக்கு நன்றி. லீவுல வந்தா பத்து நாள் அவர்கூட.

அவர் தம்பி பவர் வாங்கிட்டு நேர்ல வந்தார், அவர் ஷார்ஜாவுல இருந்து திரையில. நீதிபதி ரெண்டு பேரையும், யாராவது கட்டாயப்படுத்தினாங்களா, இன்னும் யோசிக்கணுமான்னு கேட்டாங்க. போன வாரம் டிகிரி ஆயிடுச்சு. ஆவணி வரன் போயிடுச்சு, காத்திருக்க மாட்டோம்னுட்டாங்க. தங்கச்சி அதுக்காக ஒரு வேளை கூடச் சாப்பிடாம இருக்கல.

ஒரே ஒரு சந்தேகம். இப்ப இன்னொரு இடம் பேச வர்றாங்க. உடனே வெச்சுக்கலாமா?

---

கறுப்புக்கோட்டு | 19 செப்டம்பர் 2021

வாழ்த்துகள் அக்கா. மேல்முறையீட்டுக் காலம் 90 நாள், பிரிவு 28. சம்மதத்துல வந்த டிகிரிக்கு யாரும் மேல போகப் போறதில்ல, இருந்தாலும் அந்த 90 நாள் கழியட்டும், தை மாசம் வெச்சுக்கோங்க. காப்பி அப்ளிகேஷன் உடனே போடுங்க, சான்றிட்ட நகல் ரெண்டு செட் வாங்குங்க. அதுல பையன் யார்கிட்ட இருக்கணும்ங்கிற ஷரத்து முழுசா வந்திருக்கான்னு பாருங்க. ஒப்பந்தம் தனியா இருந்து டிகிரியோட இணைப்பா வரலைன்னா பாஸ்போர்ட் ஆபீஸ்ல அலைய விடுவாங்க. விட்டுப் போயிருந்தா திருத்தத்துக்கு ஒரு ஐ.ஏ. (அதே வழக்குல போடுற சின்ன மனு) போட்டாப் போதும்.

---

பல்லாவரம்_அக்கா | 20 செப்டம்பர் 2021

பார்த்தேன் சார், இணைப்புல இருக்கு. ஆனா பையன் இனிஷியல் தப்பா அடிச்சிருக்காங்க. அடுத்த திங்கக்கிழமை போறோம்.